அந்தப் பலகையை நீங்களே தேர்ந்தெடுங்கள்

ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ ஒரு சனிக்கிழமை காலை பெரிய கட்டடப் பொருள் கடைக்குள் போய்ப் பாருங்கள். ட்ரைவோல் அடுக்கியிருக்கும் வரிசையில் நம்முடைய ஆள் ஒருவர் நிச்சயம் நிற்பார். பேஸ்மென்டில் ஓர் அறை இறக்க வேண்டும். எதிரே பலகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை, ஒன்று ஊதா, இன்னொன்றில் கடதாசியே இல்லை. மேலும் கீழும் பார்ப்பார். பிறகு கைபேசியை எடுத்து, வேலைக்கு வரப்போகிறவரை அழைத்து, "அண்ணை, எதை எடுக்கிறது?" என்று கேட்பார். "எல்லாம் ஒண்டுதான், மலிவானதை எடுங்கோ" என்று பதில் வரும். இருபத்தைந்து வருடக் கடனில் வாங்கிய வீட்டின் சுவர் அந்த அரை நிமிடத்தில் முடிவாகிவிடும்.

அந்தக் கைபேசியைப் பைக்குள் வையுங்கள். எல்லாம் ஒன்றல்ல. எது எதற்கு என்று அறிந்துகொள்ள உங்களால் முடியும். இந்த வாரமே முடியும்.

"எனக்கு வீட்டு வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று சொல்வதில் நம்மவருக்கு ஒரு விசித்திரமான சௌகரியம் வந்துவிட்டது. யார் இதைச் சொல்வது? ஊரில் கிடுகு பின்னி வேலி அடைத்தவர்களின் பிள்ளைகள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு காணியிலும் தடியும் தறப்பாளும் வைத்துப் பொழுது சாய முன்னம் கூரை போட்டவர்கள். தெரியாத மொழியில் வாகன அனுமதிப் பரீட்சை எழுதி, இரண்டு வேலை செய்து, பனியில் பஸ்ஸுக்கு நின்று, இந்த நகரத்தில் வீடு வாங்கியவர்கள். அந்த வீட்டின் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் துணிந்த கை, அரை அங்குலத் தடிப்புள்ள ஒரு பலகைக்கு முன்னால் ஏன் நடுங்க வேண்டும்?

ட்ரைவோல் என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் ஜிப்சம், இரு முகத்திலும் கடதாசி. அவ்வளவுதான். அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் இப்படியொரு பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னர் வட அமெரிக்க வீடுகளில் மெல்லிய மரச் சலாகைகளை நெருக்கமாக அடித்து, அவற்றின்மேல் கைதேர்ந்த மேசன்மார் படை படையாகச் சாந்து பூசினார்கள். ஒரு படை காயும் வரை அடுத்த படைக்குக் காத்திருக்க வேண்டும். பூசவே வேண்டாம், வெட்டி ஆணி அடித்தால் சுவர் என்ற நிலையை இவ்வகைப் பலகை காலப்போக்கில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகள் வேகமாகக் கட்டப்பட்டபோது சாந்துச் சுவரை அது ஏறக்குறைய முழுவதுமாக ஓரங்கட்டிவிட்டது. தலைமுறைத் தேர்ச்சி இல்லாதவரும் சுவர் எழுப்பலாம் என்பதாலும் பரவிய பொருள் இது. அதன் முன்னால் நின்று நமக்குத் தேர்ச்சி இல்லையே என்று தயங்குவது நியாயமா?

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கீழே உள்ள அந்த அறையில் மூச்சுவிடப் போவது யார்? ரொறன்ரோவில் நம்முடைய வாழ்க்கையில் பாதி பேஸ்மென்டில்தான் தொடங்கியது. புதிதாக வந்திறங்கிய பெடியன் அங்கேதான் படுத்தான். கல்யாணமான புதிதில் அங்கேதான் குடித்தனம். இப்போது ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு அங்கே அறை, அல்லது யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ படிக்க வந்த பிள்ளைக்கு வாடகை அறை. ஒரு நாளில் பத்து மணிநேரம் கதவு மூடிய அந்தக் காற்றை அவர்கள் இழுத்து விடுவார்கள். சுவருக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தால் முதலில் இருமத் தொடங்குவது அவர்கள். "வாடகைக்குத்தானே, மலிவானதைப் போடு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள். அடுத்தவர் பிள்ளைக்கு நல்ல சுவர் கட்டிக் கொடுக்க முடியாதவர் தன்னம்பிக்கையைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

பலகையைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை. உங்கள் கொன்கிரீட் சுவரில் தொடங்குகிறது. ரொறன்ரோ மழையை எளிதாக எண்ண வேண்டாம். 2005 ஆகஸ்ட் 19இல் பெய்த மழையில் ஃபிஞ்ச் அவெனியூவின் ஒரு பகுதியே அடித்துக்கொண்டு போனது. 2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பதிவானது. 2024 ஜூலை 16இல் மறுபடியும் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர். ஒவ்வொரு முறையும் பேஸ்மென்டுகள் நிரம்பின. ஒவ்வொரு முறையும் நனைந்து ஊறிய ட்ரைவோலை வெட்டி வெட்டி வீதியோரத்தில் குவித்தார்கள். அதில் எத்தனையோ பேர் திரும்பவும் அதே வெள்ளைப் பலகையையே வாங்கி அதே இடத்தில் அறைந்தார்கள். அந்த வரிசையில் நீங்கள் நிற்கக் கூடாது.

வெள்ளம் வராத வருடத்திலும் ஈரம் வரும். ஆடி மாதத்துப் புழுக்கமான காற்று, மண்ணுக்குள் குளிர்ந்து கிடக்கும் கொன்கிரீட்டில் பட்டால் துளி துளியாக நீர் கட்டும். கொன்கிரீட்டின் வழியாகவே வெளி ஈரம் உள்ளே ஊர்வதும் உண்டு. இரண்டில் உங்கள் வீட்டுக் குறை எது என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. இரண்டடிச் சதுரமாக ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, வெறும் கொன்கிரீட் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகத்தில், அதாவது அறைப் பக்கம், நீர்த்துளி இருந்தால் அறைக் காற்றில்தான் ஈரலிப்பு அதிகம். ஈரமுறிஞ்சி இயந்திரம் ஒன்று போட்டு ஈரலிப்பை ஐம்பது வீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால் போதும். தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவர் வழியாகத் தண்ணீர் வருகிறது. அப்போது பலகையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வெளியே போங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். அத்திவாரத்தின் காலடியிலேயே கொட்டினால் ஆறடி தள்ளி விடுங்கள். மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் நிரப்பி, வெளிப்பக்கம் சரியும்படி மட்டம் எடுங்கள். வெடிப்பு இருந்தால் அடையுங்கள். ஒரு வசந்தகால உருகலும் ஒரு கோடை மழையும் கடந்து சுவர் உலர்ந்தே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அறை கட்டுவது தாமதமல்ல. அந்தப் பொறுமைக்கும் துணிவு வேண்டும்.

கொன்கிரீட்டில் வெள்ளையாகப் படிந்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அது பூஞ்சணம் அல்ல, உப்பு. உள்ளே வந்த தண்ணீர் ஆவியாகிப் போகும்போது விட்டுச் சென்றது. அந்த இடத்தில் தண்ணீர் நடமாடியிருக்கிறது என்று சுவரே உங்களுக்குச் சொல்கிறது. அதன்மேல் பெயின்ற் அடித்து மறைக்கச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

இப்போது பலகை. ஜிப்சத்தைப் பூஞ்சணம் விரும்புவதில்லை. அதன் தீனி கடதாசி. சாதாரணப் பலகையின் இரு முகத்திலும் அந்தத் தீனியை ஒட்டியே விற்கிறார்கள். நனைந்த கடதாசியை ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். மூடிய சுவரின் பின்முகத்தை யார் உலர்த்துவது? ஆகவே மண்ணோடு ஒட்டிய வெளிச்சுவர்களுக்குச் சாதாரண வெள்ளைப் பலகையைப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அறைக்குள்ளே இரண்டு உலர்ந்த இடங்களைப் பிரிக்கும் நடுச்சுவருக்கு வேண்டுமானால் அது போதும்.

பச்சைப் பலகை ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆனால் எல்லாப் பச்சையும் பூஞ்சணத்தை எதிர்க்கும் என்று நினைக்க வேண்டாம். ஊதா நிறத்தில் வருவது பெரும்பாலும் ஈரம், பூஞ்சணம் இரண்டையும் எதிர்க்கும்படி செய்தது. நிறத்தைக் கம்பனிக்காரர் தங்கள் விருப்பப்படி வைக்கிறார்கள், அதற்குப் பொது விதி கிடையாது. நிறத்தை நம்பாமல் பலகையின் முனையில் ஒட்டியிருக்கும் நாடாவையும் கம்பனியின் விபரத்தாளையும் வாசியுங்கள். ஏஎஸ்டிஎம் டி3273 என்று ஒரு சோதனை இருக்கிறது. வெதுவெதுப்பும் ஈரலிப்பும் நிறைந்த பெட்டிக்குள் நான்கு வாரம் பலகையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் பிடிக்காவிட்டால் 10 புள்ளி. அதற்கு மேலே புள்ளி இல்லை. கடைக்காரத் தம்பியிடம் "இதுக்கு டி3273இலை எத்தனை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களோடு கதைக்கும் விதமே மாறும்.

கடதாசியே இல்லாமல், கண்ணாடி நார்ப் பாய் போர்த்திய பலகையும் உண்டு. பூஞ்சணத்துக்குத் தீனியே வைக்காத சுவர் அது. என் கையில் தீர்மானம் இருந்தால் வெளிச்சுவர்களுக்கு அதையே போடுவேன். வெட்டும்போது நார் தோலில் குத்தும், கையுறையும் நீளக்கைச் சட்டையும் வேண்டும். முகம் சற்றுச் சொரசொரப்பு, பெயின்ற் அடிக்க முன் முழுச் சுவருக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இழுத்தால்தான் வழுவழுப்பாகும். இணைப்புகளுக்கும் கடதாசி டேப்பை விட்டுக் கண்ணாடி நார் வலை டேப் போடுங்கள். கடதாசி இல்லாத சுவர் வாங்கி அதன்மேல் கடதாசியை ஒட்டுவதில் அர்த்தமில்லை. குளிக்கும் இடத்தில் டைல் ஒட்டப் போகிறீர்கள் என்றால் எந்த நிறத்து ட்ரைவோலும் வேண்டாம், சிமென்ட் போர்ட் போடுங்கள்.

எந்தப் பலகை வாங்கினாலும் ஒன்றை மறக்காதீர்கள். அது பூஞ்சணத்தை எதிர்க்கும், வெள்ளத்தை நிறுத்தாது. அதனால் பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடக் கூடாது. அரை அங்குலம் தூக்கி நிறுத்துங்கள், அந்த இடைவெளியை பேஸ்போர்ட் மறைத்துவிடும். தரையைத் தொட்டால், குத்துவிளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பலகை தண்ணீரை மேலே மேலே இழுக்கும். தரையில் ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றாலே சுவர் வெகு உயரத்துக்கு ஊறிவிடும். காசு செலவில்லாத வேலை இது. இதைச் செய்யாமல் விடுகிற கொன்ட்ராக்டர்மார் இருக்கிறார்கள். நீங்கள் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். குனிந்து பாருங்கள். உங்கள் வீடு.

சீலிங்கைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தாமல் இருக்க முடியவில்லை. கீழே ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சீலிங் பலகை. மேலே அடுப்பில் தீப்பிடித்தாலும் கீழே ஃபர்னஸில் தீப்பிடித்தாலும் ஆட்கள் வெளியே ஓடுவதற்கு நிமிடங்களை வாங்கித் தருவது அதுதான். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 வீதம் தண்ணீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீ சுடும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். முழுவதும் வெளியேறும் வரை பலகையின் மறுபக்கச் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. ஆனால் தண்ணீர் போனதும் சாதாரணப் பலகை சுருங்கி வெடித்து விழும். அதைத் தடுக்கத்தான் டைப் எக்ஸ் பலகையின் உள்ளே கண்ணாடி நார் கலக்கிறார்கள், எரிந்தும் விழாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் தடிப்பு பெரும்பாலும் எட்டில் ஐந்து அங்குலம். தனிக் குடியிருப்பாக்க நகரசபையின் பெர்மிட் வேண்டும். எந்தப் பலகை, எத்தனை படை, புகை அபாயமணி எங்கே, தப்பியோடும் யன்னல் எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள். பெர்மிட்டுக்குப் பயந்து ஒளித்துக் கட்டுகிறவர்களைத் துணிச்சல்காரர் என்று நம்மில் சிலர் புகழ்கிறார்கள். அதைத் துணிச்சல் என்று ஒருநாளும் ஏற்க மாட்டேன். அதிகாரி முன்னால் வரைபடத்தை விரித்து, "இந்த இடத்தில் டைப் எக்ஸ் போடுகிறேன், சரியா?" என்று கேட்கிறவரிடம் இருக்கிறது துணிச்சல்.

எதைத் தொடக் கூடாது என்று அறிவதும் அதே துணிச்சலில் சேரும். வீடு 1990க்கு முன்னர் கட்டியதென்றால் பழைய சுவரை உடைக்க முன்னம் அஸ்பெஸ்டஸ் பரிசோதனை செய்யுங்கள். பழைய பூச்சிலும் காப்புத் துகளிலும் அது இருக்கக் கூடும். மின்கம்பி வேலையை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே அறைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதுகு இடம்கொடாது, நேரம் இல்லை, ஆளைப் பிடித்துச் செய்விக்கிறீர்கள், நல்லது. ஆனால் தீர்மானத்தைக் கையளிக்காதீர்கள். விலை எழுதித் தரும்போது "ட்ரைவோல் உட்பட" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். வெளிச்சுவருக்கு எந்தக் கம்பனியின் எந்தப் பலகை, சீலிங்குக்கு என்ன தடிப்பு, தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி, எத்தனை பூச்சு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். "அண்ணை, நாங்கள் இதைத்தானே காலங்காலமாய்ச் செய்யிறம்" என்பார். "செய்யுங்கோ, எழுதித் தந்துவிட்டுச் செய்யுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பலகை வந்து இறங்குகிற நாளில் வீட்டில் நின்று, எழுதியதும் இறங்கியதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். அக்காமாரே, இது உங்களுக்கும்தான். கொன்ட்ராக்டர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கணவரின் முகத்தைப் பார்த்துக் கதைத்தால், அடுத்த கேள்வியை நீங்களே கேளுங்கள்.

செய்யத் துணிந்தவர்களுக்குக் கணக்கு இது. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை, எட்டடி உயரம். நாலு சுவரின் சுற்றளவு 44 அடி, பரப்பு 352 சதுர அடி. நாலடிக்கு எட்டடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. சுவருக்கு 11 பலகை. சீலிங் 120 சதுர அடி, அதற்கு 4. வெட்டுச் சேதத்துக்கு இரண்டைச் சேர்த்தால் 17. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. அரை அங்குல இலகு பலகை ஒன்று 40 இறாத்தல் அளவில் இருக்கும், டைப் எக்ஸ் 70 இறாத்தலைத் தொடும். படிக்கட்டில் இறக்க இரண்டு பேர் வேண்டும். சீலிங்குக்குத் தூக்கும் கருவியை நாள் வாடகைக்குத் தருகிறார்கள், தலையால் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பலகை வாங்குமுன் படிக்கட்டின் திருப்பத்தை அளந்து பாருங்கள், பல பேஸ்மென்டுகளில் எட்டடிப் பலகையே அங்கே மல்லுக்கட்டும்.

அந்தப் பதினேழோடு மலிவான வெள்ளைப் பலகை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அது சுவருக்கு அல்ல, உங்கள் கைக்கு. சுவரில் சாய்த்து வைத்து, இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, கத்தியால் முன்முகக் கடதாசியை ஒரே இழுப்பில் கீறுங்கள். ஜிப்சம் முழுவதையும் வெட்ட வேண்டாம், கடதாசி அறுந்து கொஞ்சம் உள்ளே இறங்கினால் போதும். பின்பக்கமாக முழங்காலால் ஒரு தட்டு. கீறிய கோட்டிலேயே டக்கென்று முறிந்து மடியும். பின்முகக் கடதாசியையும் கத்தியால் அறுங்கள். பிறகு ஒரு மரத்துண்டில் அதை வைத்து ஸ்க்ரூ இறக்கிப் பழகுங்கள். தலை கடதாசிக்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும், கடதாசி கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பலகையைப் பிடிக்காது, இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடுங்கள். முதல் ஐந்து கிழியும். கிழியட்டும். அந்தப் பலகை முழுவதும் துண்டு துண்டாகும் வரை கீறி, முறித்து, முடுக்குங்கள். அடுத்த நாள் காலை பூஞ்சணம் எதிர்க்கும் பலகையின் கட்டைப் பிரித்து, அறையின் தூரத்து மூலையிலிருந்து தொடங்குங்கள்.